கருந்துளையைச் சுற்றியுள்ள வாயுவிலிருந்து நியூட்ரினோக்கள் எப்படி வருகின்றன?

பெருங்கருந்துளைகளை ஒட்டி ஏறத்தாழ 100 கோடி டிகிரி வெப்பத்தில் மெல்லிய வாயு சூழ்ந்திருக்கும். இதைக் கொரோனா என்பார்கள். அங்கே முறுக்கேறிய காந்தப்புலங்கள் புரோட்டான்களை ஒளிவேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்குவதாகக் கருதப்படுகிறது. அந்தப் புரோட்டான்கள் எக்ஸ்கதிர்களோடும் வாயுவோடும் மோதும்போது பையான் என்ற துகள்கள் பிறந்து, கணத்தில் சிதைந்து, காமா கதிர்களையும், மின்சுமையற்ற மிக நுண்ணிய துகள்களான நியூட்ரினோக்களையும் தருகின்றன.

சரி, இரண்டும் நம்மை எட்டுமா? காமா கதிர்களில் பெரும்பாலானவை அங்குள்ள எக்ஸ்கதிர்களில் மோதி, எலக்ட்ரான்–பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) இணைகளாக மாறிவிடும். நியூட்ரினோவோ எதிலும் எளிதில் சிக்காது. அடர்ந்த மூடுபனியில் வண்டியின் விளக்கு தெரியாமல் ஹாரன் மட்டும் கேட்பதுபோல. என்ஜிசி 1068 விண்மீன் மண்டலத்திலிருந்து இப்படி ஏறத்தாழ 80 நியூட்ரினோக்கள் வந்ததற்கான சான்றை, அண்டார்க்டிகாவின் பனிக்கடியில் இருக்கும் ஐஸ்கியூப் என்ற நியூட்ரினோ ஆய்வகம் 2022-ல் வெளியிட்டது. அருமையான கண்டுபிடிப்பு!

அப்புறம், இவை கருந்துளைக்குள்ளிருந்து தப்பி வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அதன் எல்லைக்கு வெளியே இருக்கும் வாயுவில் பிறந்தவை.