1:8 சாய்தளத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்

ரயில் நிலையச் சுரங்கப்பாதைக்கு இடம் போதவில்லை, சாய்தளத்தை 1:8 சரிவில், அதாவது 8 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம் என்ற கணக்கில், முடித்துவிடலாம் என்று ஒப்பந்ததாரர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சக்கர நாற்காலியைத் தானே தள்ளி வருபவரால் அந்தச் சரிவில் ஏறுவது மிகக் கஷ்டம், இறங்கும்போது வேகம் கைக்கு அடங்காது. 1:12-க்கு மேல் செங்குத்தாகப் போகவே கூடாது. நீங்கள் சொன்ன 4.5 மீட்டர் ஆழத்துக்குச் சரிவு மட்டும் 54 மீட்டர் வரும், 9 மீட்டருக்கு ஒரு முறை 1.5 மீட்டர் சமதளம் விட்டால் இன்னும் 7.5 மீட்டர் கூடும். நேராக இடமில்லை என்றால் மடக்கிப் போடச் சொல்லுங்கள். லிஃப்ட் வைக்கிறோமே என்பார்கள், சரி, அது பழுதாகும் நாளில் அந்த ஆள் எப்படி மேலே வருவார்?

அப்புறம் தண்ணீர். டெல்டா ஊர் என்கிறீர்கள், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், ஐப்பசி மழையில் பாதை குளமாகிவிடும். சாய்தளத்துக்குக் கூரை, வாயிலில் குறுக்கு வடிகால், அடியில் தண்ணீர் சேரும் தொட்டி (சம்ப்), அதை இறைக்கும் மோட்டாரோடு ஒரு மாற்று மோட்டார், எல்லாம் இப்போதே வரைபடத்தில் வரட்டும், மோட்டார் பேனலைத் தரைக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். வடிகால் மூடியின் பிளவுகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும். தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதைக்கான கான்கிரீட் பெட்டியைத் தள்ளி நுழைக்கும் வேலைக்கு ரயில்வே அனுமதி கிடைப்பதற்குள் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.