வாசகர் கேள்வி: கிளாசில சாதி, சீதனம் கதைக்கலாமோ?

கேள்வி: கோண்டாவிலில பெரிய பிள்ளையளுக்கு அட்வான்ஸ் இங்கிலிஷ் படிப்பிக்கிறன், போன கிழமை சீதனத்தைப் பற்றி டிபேட் வைச்சன், ஒரு பிள்ளை அழுதிட்டுது, தகப்பன் வந்து பேசிப்போட்டுப் போயிட்டார். இனி உப்பிடி ரொபிக்கே எடுக்கக்கூடாதோ?
— ஒரு ரீச்சர்

பதில்: விடாதேங்கோ ரீச்சர். வெளிநாட்டு இங்கிலிஷ் பாடப்புத்தகங்கள் அரசியல், மது, சமயம், பாலுறவு, போதைப்பொருள், கொள்கைவாதங்கள், பன்றி இறைச்சி எண்டு ஏழையும் தவிர்க்கிறது வழக்கம், அந்தச் சொல்லுகளின்ர இங்கிலிஷ் முதலெழுத்தைச் சேர்த்து 'பார்ஸ்னிப்' (PARSNIP) எண்டு சொல்லுவினம், எல்லா நாட்டிலயும் விக்கோணும் எல்லோ, அதுதான். ஆனா அட்வான்ஸ் படிக்கிற பிள்ளை ஷொப்பிங்கையும் ஹொலிடேயையும் கதைச்சுக்கொண்டிருந்தா, மனம் நோகாமல் மறுத்துப் பேசுற இங்கிலிஷை எங்க பழகிறது?

பிழை ரொபிக்கில இல்லை, கேட்ட விதத்தில இருக்கலாம். "உங்கட வீட்டில எவ்வளவு குடுத்தவை" எண்டு ஒருத்தரையும் கேக்காதேங்கோ. யாழ்ப்பாணத்தில ஊரைக் கேட்டாலே சாதியைக் கேட்ட மாதிரித்தான், அது உங்களுக்கே தெரியும். யாழ்ப்பாணத் தமிழற்ற வழமைச் சட்டமான தேசவழமையில சீதனம் எப்பிடி வருது, சாதிப் பாகுபாட்டுக்கு எதிரா 1957இல வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் என்னத்தைத் தடுத்தது எண்டு ஒரு சின்ன வாசிப்பைக் குடுத்துத் தொடங்குங்கோ, சட்டத்தைப் பற்றிக் கதைக்கேக்க ஆக்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

யுத்தத்தில காணாமல் போனவையின்ர கதை மட்டும் நீங்களா எடுக்காதேங்கோ, எந்த வீட்டில ஆர் இன்னும் காத்திருக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. அழுத பிள்ளையோட முதல்ல தனியக் கதையுங்கோ, டிபேட் பேந்து பாப்பம்.