கயிற்றின் மேல் நிற்கும் பயிர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். வானியலில் ஆர்வம் உண்டு. சமீபத்தில் புல்லட் கொத்து என்ற கேலக்ஸிக் கொத்தின் படத்தைப் பார்த்தேன். நடுவே இளஞ்சிவப்பு, இரு பக்கமும் நீலம். நீலம்தான் கரும்பொருள் (ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் பொருள்) என்று போட்டிருந்தது. அந்த நீலம் கேமராவில் விழுந்ததே இல்லை, கணக்குப் போட்டுப் பூசியது என்று பிறகுதான் தெரிந்தது. பின்னாலிருக்கும் ஏராளமான கேலக்ஸிகளின் வடிவத்தைச் சராசரி எடுத்து வரைவார்களாம். தனியாக ஒரு கேலக்ஸியும் எதையும் சொல்லாது, சேர்த்தால் மட்டும் சொல்லும் என்றால் அது எப்படி ஆதாரமாகும்? ஆயிரம் பொய்சாட்சிகளைச் சேர்த்தால் உண்மை வந்துவிடுமா? இதெல்லாம் நம் சித்தர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. முதுகலையில் வானியற்பியல் படிக்கலாமா என்று சொல்லுங்கள். எங்கள் மொட்டைமாடியில் போனில் எடுத்த வானத்தின் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

சித்தர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தெரியாது. அவர்கள் பேசியது வேறு. அதை அவர்கள் பேசிய இடத்தில் வைத்துப் படியுங்கள். மேற்கே யாராவது ஒன்றைக் கண்டுபிடித்ததும் அதற்கு இங்கே முன்தேதியிட்ட ரசீது தேடுவது சித்தர்களுக்கும் மரியாதை இல்லை, கண்டுபிடித்தவர்களுக்கும் மரியாதை இல்லை. இன்னொரு தடவை இதை எழுதினால் பதில் வராது.

ஆனால் 'ஆயிரம் பொய்சாட்சி' என்ற சொல் இரண்டு நாளாக என்னோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய இதே கேள்வியை என் அப்பாவிடம் நெல்வயலில் வைத்து ஒருவர் கேட்டார். அதற்கு வருகிறேன்.

கேட்டதற்காகக் கூச்சப்படாதீர்கள். இந்தத் துறையின் வாசலிலேயே ஒரு வெளியாள்தான் நிற்கிறார். ரூடி மாண்டல் என்று செக் நாட்டுப் பொறியாளர் ஒருவர், பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனைத் தேடிப் போய், ஒரு நட்சத்திரம் தனக்குப் பின்னாலிருக்கும் இன்னொன்றின் ஒளியை லென்ஸ் போல வளைக்காதா, அந்தக் கணக்கை வெளியிடுங்கள் என்று விடாமல் நச்சரித்தார். 1936இல் ஐன்ஸ்டைன் 'சயன்ஸ்' இதழுக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பினார். இதற்குப் பெரிய மதிப்பில்லை, அந்தப் பாவப்பட்ட மனிதர் சந்தோஷப்படட்டும் என்று ஆசிரியருக்குத் தனியாக ஒரு வரியும் எழுதினார். அடுத்த வருடமே ஃபிரிட்ஸ் சுவிக்கி என்ற வானியலாளர், நட்சத்திரத்தை விடுங்கள், கேலக்ஸிகளை லென்ஸாக வைத்துப் பாருங்கள் என்றார். 1933இல் கோமா கொத்தின் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் எடை இவற்றைப் பிடித்துவைக்கப் போதாதே என்று கேட்டவர் அவர். தராசு தேடிக்கொண்டிருந்த மனிதர். எடை கூடினால் ஒளி கூடுதலாக வளையும், வளைவை அளந்தால் எடை தெரியும்.

தராசு எப்படி வேலை செய்கிறது? செக்கைச் சுற்றும் மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது செக்கைப் பார்த்து நிற்காது. சுற்றும் பாதையின் வாக்கிலேயே அதன் உடம்பு நீண்டிருக்கும். கொத்துக்கு வெகு பின்னாலிருக்கும் கேலக்ஸிகளின் உருவமும் அப்படித்தான், கொத்தை நடுவாக வைத்துச் சுற்றுவாக்கில் இழுபடுகிறது. கொத்தின் மையத்துக்குப் பக்கத்தில் இழுப்பு பலமாக இருந்தால் உருவம் வில்லாகவே வளைந்துவிடும். ஏபெல் 370 கொத்தில் அப்படி ஒரு வில்லை 1980களில் கண்டுபிடித்தார்கள். கண்ணால் பார்க்கலாம், உங்களுக்கும் திருப்தி. ஆனால் எடையில் பெரும்பங்கு மையத்துக்கு வெளியே பரவிக் கிடக்கிறது. அங்கே இழுப்பு சில விழுக்காடுதான். கேலக்ஸியோ பிறவியிலேயே கோணல். ஒன்று தட்டை, ஒன்று சாய்வு, ஒன்று முட்டை. சரியான வட்டத்துக்குச் சுழி என்று வைத்தால், பிறவிக் கோணல் 0.3 என்றால் ஈர்ப்பு சேர்த்தது 0.03. ஒற்றைக் கேலக்ஸியைப் பார்த்து எது பிறவி, எது இழுப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. அது வரைக்கும் நீங்கள் சொன்னது சரி.

அதற்காக அது பொய் சொல்கிறது என்று ஆகாது. பொய்சாட்சி யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்பவன். ஆயிரம் பேரைக் கூட்டி வந்தால் ஆயிரம் பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள். இந்தக் கேலக்ஸிகளுக்கு ஒன்றையொன்று தெரியாது. ஒன்று கிழக்கே சாய்ந்தால் இன்னொன்று வடக்கே. நூறைச் சேர்த்தால் பிறவிக் கோணல் 0.03ஆகக் கரையும், பத்தாயிரத்தைச் சேர்த்தால் 0.003. இழுப்பு எல்லாவற்றிலும் ஒரே வாக்கில் இருப்பதால் கரையாமல் நிற்கும். டோனி டைசனும் கூட்டாளிகளும் புகைப்படத் தட்டுகளை வைத்துத் தனிக் கேலக்ஸிகளைச் சுற்றி இந்த இழுப்பைத் தேடி 1984இல் வெறுங்கையோடு திரும்பினார்கள். தட்டுக்குப் பதில் சிசிடி என்ற மின்னணு ஒளி உணரி வந்தபின் 1990இல் ஏபெல் 1689 கொத்தைச் சுற்றி அது சிக்கியது. 1993இல் நிக் கைசரும் கார்டன் ஸ்கொயர்ஸும் இழுப்பிலிருந்து எடைப்படம் வரைய வழி சொன்னார்கள்.

உங்கள் நீலம் அந்த வம்சம். இளஞ்சிவப்பு, சந்திரா தொலைநோக்கி எக்ஸ் கதிரில் பார்த்த சூடான வாயு (நம் சந்திரசேகரின் பெயர்தான்). இரண்டு கொத்துகள் மோதியதில் வாயு வாயுவோடு உரசிப் பின்தங்கிவிட்டது. கேலக்ஸிகள் ஒன்றையொன்று தொடாமல் தாண்டிப் போய்விட்டன. நட்சத்திரங்கள் எல்லாவற்றையும்விட அந்த வாயுதான் எடை அதிகம். கண்ணுக்குத் தெரிந்த பொருள்தான் எல்லாம் என்றால் இழுப்பு வாயுவைச் சுற்றி இருந்திருக்க வேண்டும். 2006இல் அளந்து பார்த்தபோது அது கேலக்ஸிகள் போன பக்கம் போயிருந்தது. பூசியது நிறத்தை மட்டும் தம்பி, இடத்தை அல்ல.

நீங்கள் பயப்படுவது தப்பான இடத்தில். பயப்பட வேண்டிய இடம் வேறு.

என் அப்பா புள்ளியியல் துறையில் இருந்தார். அறுவடைக் காலத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குப் போவார். எந்த ஊர், எந்த சர்வே எண், வரப்பிலிருந்து எத்தனை எட்டு வைத்து எங்கே திரும்புவது என்பது வரை ரேண்டம் எண் அட்டவணைதான் சொல்லும். போய் நாலு முளை அடித்து, ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். லீவு நாளில் கயிற்றின் ஒரு முனை என் கையில். ஒருமுறை வயல்காரர் கேட்டார்: "ஏன் சார், இந்தத் துக்காணி இடத்தை அறுத்துட்டு ஃபிர்கா முழுக்க என்ன வெளைஞ்சுதுன்னு எப்படிச் சொல்லுவீங்க?" அப்பா, "இதை மட்டும் வச்சுச் சொல்லலைங்க, ஊர் ஊரா அறுக்கிறோம்" என்றார். உங்கள் கேள்விக்கும் பதில் அவ்வளவுதான்.

அப்பாவின் கவலை அதுவல்ல. கயிற்றின் மேலேயே நிற்கும் பயிர். கதிர் உள்ளே சாய்ந்திருக்கும், தூர் வெளியே இருக்கும். அறுக்கிறவர் கை தானாக அதை உள்ளே சேர்த்துக்கொள்ளும். கெட்ட எண்ணம் இல்லை, விளைந்த நெல்லை விட மனம் வராது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்து, தாளை ஒதுக்கித் தூரைப் பார்ப்பார். தூர் உள்ளே இருந்தால் உள்ளே, வெளியே இருந்தால் வெளியே. நாலு பக்கமும், ஒவ்வொன்றாக. வெயில் தாங்காமல் ஒரு நாள், "ரெண்டு தூருக்கு என்னப்பா" என்றேன். "எல்லா ஊர்லயும் எல்லாரும் ரெண்டு தூர் சேத்துக்கிட்டா, எத்தனை ஊர் அறுத்தாலும் அந்த ரெண்டு தூர் போகாதுடா" என்றார்.

1940களில் இதற்காகவே பெரிய சண்டை நடந்தது என்று பின்னால் படித்தேன். புள்ளியியலாளர் மகலனோபிஸ் சில அடி அளவே உள்ள சின்ன வட்டங்களை அறுத்தால் போதும் என்றார். இன்னொரு புள்ளியியலாளரான சுகாத்மே, அளவு சின்னதாக ஆக எல்லைப் பயிரின் பங்கு கூடும், விளைச்சல் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும் என்று வயலில் அறுத்தே காட்டினார்.

கேலக்ஸிக்கும் இதே கயிறுதான். சிதறலை எண்ணிக்கை தின்றுவிடும். ஒரே பக்கச் சாய்வை அது தொடாது. கோடி கேலக்ஸிகளைச் சேர்த்தால் தப்பான விடை இன்னும் உறுதியாக வரும். காற்று கலக்குகிறது, கண்ணாடி வளைகிறது, குவியம் நகர்கிறது. தொலைநோக்கியே எல்லாக் கேலக்ஸியையும் ஒரு பக்கமாக இழுக்கிறது, சில சமயம் ஈர்ப்பைவிட அதிகமாக. அதனால் முதலில் அதே படத்திலுள்ள நட்சத்திரங்களை அளக்கிறார்கள். நட்சத்திரம் வெறும் புள்ளி. அது நீண்டு தெரிந்தால் குற்றம் கருவியுடையது. அதைக் கழிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கேலக்ஸியையும் கணக்கில் 45 டிகிரி திருப்பி வைத்து மறுபடி சராசரி எடுக்கிறார்கள். அந்த வாக்கில் கொத்தின் ஈர்ப்பு எதையும் உண்டாக்காது, சுழி வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஒரு தூர் உள்ளே வந்திருக்கிறது.

அதோடும் விடவில்லை. எவ்வளவு இழுத்திருக்கிறது என்பது தயாரித்தவருக்கு மட்டும் தெரிந்த போலிக் கேலக்ஸிப் படங்களைக் கொடுத்து, அளந்து சொல்லுங்கள் என்று உலகத்தின் பல குழுக்களுக்கும் பரீட்சை வைத்தார்கள். 2006இல் வந்த முதல் முடிவில் சிலருக்குப் பல விழுக்காடு பிழை. பெயரோடு அச்சிட்டார்கள். சிலியிலுள்ள தொலைநோக்கியில் இதே இழுப்பை அளக்க எடுத்த கிட்ஸ் (KiDS) என்ற வான ஆய்வில் ஒரே அளவீட்டுக்கு மூன்று பட்டியல் செய்து, எது நிஜம் என்ற சாவியை வெளியாள் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வேலை செய்தார்கள். மனதுக்குப் பிடித்த விடை வந்ததும் கை நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தங்களைப் பற்றியே தெரிந்திருந்தது. இத்தனையையும் நீங்கள் 'கணக்குப் போட்டுப் பூசியது' என்று மூன்று சொல்லில் தள்ளினீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

இந்த முறைக்கும் குறை உண்டு. பார்வைக்கோட்டில் இருக்கும் எடையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இரண்டு சின்னக் கொத்துகள் ஒரே கோட்டில் நின்றால் ஒரு பெரிய கொத்து போலத் தெரியும். இருந்தாலும், 1958இல் ஜார்ஜ் ஏபெல் தட்டுகளைக் கண்ணால் துழாவி, ஒளியை வைத்து 2,712 கொத்துகளைப் பட்டியலிட்டார். 2018இல் ஹவாயிலுள்ள சுபாரு தொலைநோக்கிக்காரர்கள் 160 சதுர டிகிரி வானத்தில் இழுப்பை மட்டும் வைத்து 65 எடைமேடுகளைப் பிடித்தார்கள். பெரும்பாலானவற்றில் போய்ப் பார்த்தால் கேலக்ஸிக் கொத்து உட்கார்ந்திருக்கிறது.

முதுகலை பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்கின்றன. வலது மேல் மூலையில் எல்லாம் வால்மிளகு மாதிரி, வால் அத்தனையும் ஒரே பக்கம். ஈரோட்டுக்கு மேலே அப்படி ஒரு கொத்து இல்லை, உங்கள் போன் லென்ஸ்தான். அந்த மூலையில் இருபது நட்சத்திரங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் எத்தனை பிக்ஸல் நீண்டிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இடது கீழ் மூலையிலும் இருபது. குத்துமதிப்பாக வேண்டாம், எண்ணி எழுதுங்கள். நோட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். படிப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம்.