சுடுதண்ணீர் ஊற்றுமுன்

அன்புள்ள ஐயா,

வடஐரோப்பாவின் பழைய தெய்வக் கதைகளைச் சொல்லும் 'எட்டா' நூல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே கணினி விளையாட்டுகளில் டார்க் எல்ஃப்கள் என்ற மாய இனத்தவரைக் கொன்று வளர்ந்தவன். இப்போது தமிழில் ஒரு மிகுபுனைவு நாவல் எழுதுகிறேன். அதில் மண்ணுக்கடியில் வாழும் கறுப்பு எல்ஃப்கள் பிறவியிலேயே கொடிய இனம். மூன்று சந்தேகங்கள். இருண்ட எல்ஃப்களும் கறுப்பு எல்ஃப்களும் ஒன்றா, அவர்கள்தான் குள்ளர்களா? அந்தக் கதைகள் சொல்கிற ஒன்பது உலகங்களில் அவர்களுடையது எத்தனையாவது? (இணையத்தில் கிடைத்த வரைபடத்தை இணைத்துள்ளேன்.) கறுப்பு என்றால் தீமை என்று வைத்தது அந்தக் காலத்து நிறவெறிதானே?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். 'பிறவியிலேயே கொடிய இனம்' என்ற இடத்தில் மூன்று தரமும் நின்றுவிட்டேன். போன மாதம்தான் இங்கே நோர்வேயில் சாண்டெஃபியூருக்குப் பக்கத்தில் கோக்ஸ்டாட் மேட்டடியில் ஒரு பின்னேரம் முழுக்க இருந்துவிட்டு வந்தேன். வெட்டவெளியில் புல் மூடிய ஒரு மேடு, அவ்வளவுதான். 1880இல் அதைத் தோண்டித்தான் ஒரு முழுக் கப்பலையும் அதற்குள் படுத்திருந்த ஒரு மனிதரையும் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மண்ணுக்குக் கீழே இருக்கிறவர்கள் மனதை விட்டுப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அந்த வரைபடத்தை அழித்துவிடுங்கள். 'ஒன்பது உலகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன' என்று வொலுஸ்பா என்ற பழைய எட்டாப் பாட்டில் குறி சொல்கிற பெண் சொல்கிறாள். எவை அந்த ஒன்பது என்று அவள் பட்டியல் போடவில்லை. வேறு எந்தப் பழைய பாட்டும் போடவில்லை. ஒரு மரத்தில் ஒன்பது வட்டத்தைத் தொங்கவிட்டுப் பெயர் எழுதியதெல்லாம் பிற்காலத்தவர் கைவேலை. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இனி பெயர் விவகாரம். ஆங்கிலத்தில் எல்ஃப் என்பதை இங்கே ஆல்வ் என்பார்கள். ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்தூர்லுசன் 1220ஐ ஒட்டி எழுதிய எட்டாவில் ஓரிடத்தில் இப்படி வருகிறது: மேலே ஆல்வ்ஹெய்மில் வெளிச்ச ஆல்வ்கள் இருக்கிறார்கள், கீழே மண்ணுக்குள் இருண்ட ஆல்வ்கள் இருக்கிறார்கள், முன்னவர்கள் பார்ப்பதற்குச் சூரியனைவிட அழகு, பின்னவர்கள் கீலைவிடக் கறுப்பு. 'தொக்கால்வர்', அதாவது இருண்ட ஆல்வ்கள், என்ற சொல் ஸ்னோரியிடம் அந்த இடத்தோடு சரி. 'ஸ்வார்த்தால்வர்', கறுப்பு ஆல்வ்கள், வேறு கதைகளில் வருகிறார்கள். அந்தக் கதைகளில் அவர்கள் ஊருக்குப் போய்ப் பார்த்தால் அங்கே இருப்பவர்கள் குள்ளர்கள். ஆக, ஸ்னோரியின் கையில் கறுப்பு ஆல்வும் குள்ளரும் ஒன்று. இருண்ட ஆல்வ் வேறா என்பதை அவர் சொல்லாமலே விட்டுவிட்டார். யாக்கோப் கிரிம் 1835இல் வெளியிட்ட ஜெர்மானியத் தொன்மவியலில் இதை மூன்று வகையாகப் பிரிக்கப் பார்த்தார். அப்படிப் பிரிக்க அங்கே சரக்கு காணாது. ஆல்விஸ்மால் என்ற பாட்டிலோ ஒரே பொருளுக்கு ஆல்வ்கள் ஒரு பெயர் சொல்கிறார்கள், குள்ளர்கள் வேறு பெயர் சொல்கிறார்கள். அந்தப் பாட்டுக்காரருக்கு அவர்கள் இரண்டு சாதி.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஆல்வ் என்ற சொல்லே 'வெள்ளை' என்ற வேரிலிருந்து வந்தது என்றுதான் சொல்லாராய்ச்சிக்காரர்களில் பெரும்பாலானோர் கருதுகிறார்கள். லத்தீனின் 'ஆல்புஸ்' அதற்கு உறவு. அப்படியானால் கறுப்பு ஆல்வ் என்பது கறுத்த வெள்ளையன். பழைய எட்டாப் பாடல்களில் இந்தப் பிரிவே கிடையாது. காலத்தால் மிகவும் பிந்திய ஒரு பாட்டில் மட்டும் இருண்ட ஆல்வ் தலைகாட்டுகிறது. ஐஸ்லாந்து ஞானஸ்நானம் எடுத்தது 1000இல். இருநூறு வருசத்துக்குப் பிறகு, தேவாலயப் படிப்பின் காற்று வீசுகிற வீட்டில் வளர்ந்த ஒருவர் எழுதுகிறார். அதே பகுதியிலேயே வானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதாகவும், மூன்றாம் வானத்தில் இப்போதைக்கு வெளிச்ச ஆல்வ்கள் மட்டும் குடியிருப்பதாகவும் சொல்கிறார். இது யாருடைய வானம்? தேவதூதர் மேலே, பிசாசு கீழே என்று கேட்டு வளர்ந்த காதுக்கு ஆல்வும் அப்படித்தான் இரண்டாகக் கேட்டிருக்கிறது. உங்கள் விளையாட்டும் நாவலும் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

நிறவெறி என்று நீங்கள் எழுதியது அவசரம். அந்தச் சொல்லுக்கு இங்கே இடமில்லை. ஏன் என்று விளங்க வேண்டுமானால் ஸ்னோரியின் இன்னொரு புத்தகமான நோர்வே அரசர்களின் வரலாற்றைத் திறக்க வேண்டும். ஹெய்ம்ஸ்கிரிங்லா என்பார்கள். அதில் இரண்டு சகோதரர்கள் வருகிறார்கள்.

தகப்பன் ஒருவர், தாய்மார் இருவர். மூத்தவர் ஓலாவ். அவருடைய தாய் ஆல்ஹில்ட், ஆல்வ்ஹெய்ம் என்ற நாட்டரசனின் மகள். ஆம், அதே பெயர். ஆனால் இது மண்ணில் இருந்த நாடு, இன்றைய நோர்வே–சுவீடன் எல்லைப் பக்கம் இரண்டு ஆறுகளுக்கு இடையில். ஓலாவ் கால்நோயால் இறந்தார். கெய்ர்ஸ்டாட் என்ற இடத்தில் மேடு எழுப்பி அடக்கினார்கள். அதன் பிறகு சனம் அவரைக் கெய்ர்ஸ்டாட் ஆல்வ் என்று கூப்பிட்டது. தனக்குப் படையல் வைக்கக் கூடாது என்று சாகுமுன் சொல்லிவிட்டுப் போனாராம். இது ஸ்னோரியில் இல்லை, ஃப்ளாத்தேயார்போக் என்ற பிற்கால ஏட்டில் வருகிறது. விளைச்சல் பொய்த்தபோது சனம் கேட்கவில்லை, மேட்டுக்குப் போய்ப் படைத்தது. நான் போய் இருந்துவிட்டு வந்த கோக்ஸ்டாட் மேட்டில் கிடந்தவர் இவர்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். கப்பல் மரத்தின் வயது அதற்கு ஒத்துவரவில்லை. அந்த அடக்கம் 900ஐ ஒட்டியது, ஓலாவ் அதற்கு முந்தியவர். இருந்தும் அந்தப் பின்னேரம் எனக்கு ஓலாவ்தான் கீழே படுத்திருந்தார்.

இளையவர் ஹால்வ்டான். தலைமயிர் கறுப்பு என்பதால் ஹால்வ்டான் ஸ்வார்த்தி, கறுப்பு ஹால்வ்டான், என்று பெயர். நோர்வேயை ஒன்றாக்கிய ஹரால்டின் தகப்பன் இவர்தான். ரான்ஸ்ஃபியூர் என்ற ஏரியில் வசந்தகாலப் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் போனார். மாடுகள் தண்ணீர் குடிக்க வந்து நின்ற இடம். சாணி விழுந்து விழுந்து பனிக்கட்டி இளகியிருந்தது என்று ஸ்னோரி கூட நின்று பார்த்தவர் மாதிரி எழுதுகிறார். இவர் அரசாண்ட காலத்தில் விளைந்த மாதிரி வேறு யார் காலத்திலும் விளைந்ததில்லை என்பதால், நாலு நாட்டுக்காரரும் உடம்பு எங்களுக்குத்தான் என்று வந்து நின்றார்கள். கடைசியில் உடம்பை நாலாகப் பிரித்து நாலு மேடுகளில் புதைத்தார்கள். தங்கள் மண்ணில் அவர் இருந்தால் தானியம் பொலியும் என்ற நம்பிக்கை.

ஒருவன் பெயரில் ஆல்வ் இருக்கிறது, மற்றவன் பெயரில் கறுப்பு இருக்கிறது. இரண்டு பேரும் மண்ணுக்குக் கீழே. இரண்டு பேரிடமும் சனம் விளைச்சல் கேட்டுப் போயிருக்கிறது. இளையவர் கதையை எழுதியது கீலைவிடக் கறுப்பு என்று எழுதிய அதே கைதான். எட்டாவில் வரிசைப்படுத்த உட்கார்ந்தபோது வந்த பிரிவு, ஊர்ச்சனத்தின் நினைவைச் சொல்லும்போது அவருக்கு வரவில்லை. நான் நம்புவது இதைத்தான்: இருண்ட ஆல்வ் என்று ஸ்னோரி பெயர் வைத்தவர்கள் மேட்டுக்குள் இருந்த முன்னோர்கள். அவர்களுக்கு வெளிச்சம் இல்லாதது அவர்கள் குற்றமா? உங்கள் கதாநாயகன் வாளோடு அந்த மேட்டுக்குள் இறங்கி யாருடைய பாட்டனைக் கொல்லப் போகிறான்?

ஆல்வ் இல்லை, குள்ளர்கள்தான் என் வில்லன்கள் என்று மாற்றி எழுதினாலும் விடமாட்டேன். தெய்வங்கள் கையில் இருக்கிற நல்ல பொருள் எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஓடினின் ஈட்டி, மடித்துப் பைக்குள் வைக்கிற கப்பல், தோரின் மனைவி சிவ்வின் பொன் கூந்தல் மூன்றும் இவால்டியின் மக்கள் செய்தவை. தெய்வங்களோடு இருக்கிற சூழ்ச்சிக்காரன் லோக்கி, கூந்தலைக் கறுப்பு ஆல்வ்களிடம் செய்வித்துத் தருவதாகச் சத்தியம் செய்துவிட்டு இந்தக் குள்ளர்களிடம்தான் போகிறான் என்று ஸ்னோரி எழுதுகிறார். தோரின் சுத்தியல் ப்ரொக், சின்ட்ரி என்ற குள்ளச் சகோதரர்கள் செய்தது. ப்ரொக் துருத்தி ஊதுகிறான். லோக்கி ஈயாக வந்து கையில் கடிக்கிறான், கழுத்தில் கடிக்கிறான், கடைசியில் கண்ணிமையில் கடிக்கிறான். ரத்தம் கண்ணுக்குள் வழிந்து பார்வை மறைக்கிறது. ஒரு கணம், துருத்தி படுகிற ஒரே கணம், கையெடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஊதுகிறான். அந்த ஒரு கணத்தால்தான் சுத்தியலின் பிடி கட்டையாகிப் போனது. இந்த இடத்தை ஒருமுறை நின்று வாசியுங்கள், தம்பி. ஏமாற்றுகிறவன் மேலேயிருந்து வந்த லோக்கி. கண் தெரியாமல் வேலை செய்கிறவன் கீழே இருக்கிறவன்.

இதெல்லாம் புத்தகத்தில் இருந்து வந்த கோபம் என்று நினைக்காதீர்கள்.

1988இல் நோர்வேயின் வடகோடியில் பின்மார்க் கரையோரம் ஒரு மீன் ஊருக்கு வந்து சேர்ந்தேன். எங்களைப் போல நிறையப் பேர் அந்த வருசங்களில் வடக்கே மீன் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். தொர்ஸ்க் மீன் வெட்டுகிற வேலை. நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி பாதி தாண்டியும் வரவில்லை. அங்கே ஒரு மேற்பார்வையாளர் எங்கள் பெயர்களைப் பழகவே இல்லை. 'ஸ்வார்த்' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவர் வாயில்தான். எட்டாவில் அதே சொல்லைப் பார்த்தது பல வருசங்களுக்குப் பிறகு.

நாங்கள் நாலு பேர் ஒரு மரவீட்டில் இருந்தோம். இரவு வேலை முடிந்து வந்து சோறு வடித்து, கொதிக்கிற கஞ்சியைப் பின்கதவைத் திறந்து பனியில் வீசி ஊற்றுவேன். ஒருநாள் அப்படி ஊற்றியபோது பக்கத்து வீட்டுக் கிழவி படலையடியில் நின்று சத்தம் போட்டார். எங்களோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்தவர். எனக்கு மொழி விளங்கவில்லை. இவவும் மேற்பார்வையாளர் மாதிரித்தான் என்று நினைத்துக் கதவை அடித்துச் சாத்தினேன்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேசையைத் தொட்டார், விரலால் கீழே காட்டினார். கொஞ்சம் நோர்வேஜியன், மீதி கைச்சைகை. நிலத்துக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரன் மாட்டுக்கொட்டிலைத் தெரியாமல் அவர்கள் வீட்டுக்கு மேலே கட்டிவிட்டான். மூத்திரமும் சாணியும் ஒழுகி அவர்கள் சாப்பாட்டு மேசையில் விழுந்தது. ஒரு சின்ன மனிதர் மேலே வந்து, கொட்டிலைத் தள்ளிக் கட்ட முடியுமா என்று பணிவாகக் கேட்டார். அவன் தள்ளிக் கட்டினான், அதன் பிறகு அவனுடைய மாடுகள் நன்றாகப் பால் கறந்தன. சுடுதண்ணீர் ஊற்றுமுன் சொல்ல வேண்டும், சொல்லாமல் ஊற்றக் கூடாது, அவ்வளவுதான் என்றார். நோர்வே முழுக்க இந்தக் கதை உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்றிரவு கதவைத் திறந்தேன். என்ன மொழியில் சொல்வதென்று தெரியவில்லை. "தள்ளி நில்லுங்கோ, கஞ்சி சுடும்" என்று தமிழில் சொல்லிவிட்டு ஊற்றினேன். கிழவி தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்ன சொன்னாய் என்று கையால் கேட்டார். தெரிந்த நாலு சொல்லைப் போட்டுச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு பனியில் சறுக்காமல் மெதுவாக வேலியடிக்கு வந்து, சொன்ன உடனே ஊற்றுகிறாய், கீழே பிள்ளைகள் இருக்கும், ஓட நேரம் வேண்டாமா என்று ஏசினார்.

அடுத்த நாளிலிருந்து சொல்லிவிட்டுப் பத்து எண்ணினோம். பிறகுதான் ஊற்றினோம்.

அன்புடன்.