கார்டைக் காட்டினால் கேஸ் போய்விடுமா?

ரெட்டிச்சாவடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தம்பிக்கு 26 வயது. அறிவுசார் குறைபாடு 75 சதவீதம் என்று கார்டு இருக்கிறது. கூட இருந்த பையன்கள் தள்ளிட்டு வாடா என்று சொன்ன பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான், புதுச்சேரி போலீஸ் திருட்டு கேஸ் போட்டுவிட்டது. இப்போது ஜாமீனில் இருக்கிறான். கோர்ட்டில் என்ன கேட்டாலும் 'ஆமா' என்கிறான். கார்டைக் காட்டினால் கேஸ் போய்விடுமா?"

போகாதும்மா. நான் வக்கீல் இல்லை, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்துக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிற உளவியலாளன். அந்த 75 என்பது பஸ் பாஸுக்கும் உதவித்தொகைக்கும் போட்ட கணக்கு. கோர்ட்டுக்கு வேண்டியது வேறு: தன் மேல் என்ன புகார் என்று அவனுக்குப் புரிகிறதா, சாட்சி பொய் சொன்னால் வக்கீலின் காதில் சொல்லத் தெரியுமா? இதை முடிவு செய்வது நீதிபதிதான், டாக்டர் கருத்து மட்டும்தான் சொல்வார். பைக்கைத் தள்ளிய அன்று அவனுக்கு என்ன புரிந்தது என்பது தனி வாதம், அதை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடை ஓரம் நிற்கிற ஆட்களிடம்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒருவர் "மெண்டல் சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்" என்பார். வாங்கினால் வம்பு, ஏனென்றால் மனநோய் என்று ஆகிவிட்டால் வழக்கைக் குணமாகும் வரை தள்ளிவைப்பார்கள், உங்கள் தம்பிக்கு இருப்பதோ மாத்திரையில் குணமாகிற விஷயமே இல்லை, வாய்தா மேல் வாய்தாவாக வருஷக்கணக்கில் அலைவீர்கள். 2017 மனநலச் சட்டமே இந்தக் குறைபாட்டை மனநோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. இன்னொருவர் "ஒத்துக்கச் சொல்லுங்க, ஃபைனோட முடிச்சிடலாம்" என்பார். இவரைப் பார்த்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். 'ஆமா' மட்டுமே சொல்லத் தெரிந்தவனை ஒத்துக்கொள்ள வைத்தால், அடுத்த முறை தெருவில் எது காணாமல் போனாலும் போலீஸ் நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

செய்ய வேண்டியது ஒரு மனு. கிரிமினல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் 2024 ஜூலையில் வந்த பிஎன்எஸ்எஸ்ஸில் கோர்ட்டில் வழக்கு விசாரணை (டிரையல்) தொடங்கிவிட்டால் 368ஆம் பிரிவு, அதற்கு முந்தைய கட்டம் என்றால் 367. எந்தக் கட்டம் என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார். அறிவுசார் குறைபாட்டால் தன் தரப்பைச் சொல்ல முடியாதவன் என்று நீதிபதிக்குத் திருப்தியானால் வழக்கைத் தள்ளிவைப்பதில்லை, அங்கேயே முடித்துவைக்க வேண்டும். அதற்காக விடுதலைத் தீர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள், 369ன்படி உங்களிடம் உத்தரவாதம் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் இல்லத்துக்கு அனுப்புவார்கள்.

மனுவில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பரிசோதிக்க வேண்டும்' என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் நடப்பது இதுதான். ஒரு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு பையனிடம் பேர் என்ன, ஊர் எது, சாப்பிட்டியா என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பதில் சொன்னான். 'நல்ல நிலையில் உள்ளார்' என்று அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டார். அதே பையனிடம் நான், "போன வாரம் ஏரோப்ளேன்ல சென்னை போனியாமே?" என்றேன். "ஆமாங்க சார்." சொந்த வக்கீலைக் காட்டி இவர் யார் என்றேன். "திட்டுற சார்." ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? "வீட்டுக்குப் போலாம்." இதை வெளியே கொண்டுவர எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது, அந்த அரைப் பக்கத்தைத் திருத்தக் குடும்பத்துக்கு ஒன்றரை வருஷம்!

ஒரு விதிவிலக்கு உண்டு, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். சித்தம் சரியாக இருக்கிறது, ஆனால் கோர்ட்டில் நடப்பதை எப்படியும் புரியவைக்க முடியவில்லை என்றால் 357ஆம் பிரிவு. பிறவியிலேயே காது கேட்காமல், சைகை மொழியும் கற்காமல் வளர்ந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். இதில் வழக்கு நிற்காது, நடக்கும். குற்றவாளி என்று முடிவானால் கீழ்க் கோர்ட் அறிக்கையோடு கோப்பை ஹைகோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும், மேற்கொண்டு உத்தரவு அங்கேதான். புதுச்சேரி ஆனாலும் கடலூர் ஆனாலும் நமக்குச் சென்னை ஹைகோர்ட். உங்கள் தம்பியை யாராவது இந்தப் பிரிவுக்குள் தள்ளப் பார்த்தால் உடனே மறுப்புச் சொல்லச் சொல்லுங்கள், ஏனென்றால் 368ல் முடிய வேண்டிய வழக்கு இதில் தீர்ப்பு வரை போய்விடும்.

வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அப்புறம் அடுத்த வாய்தாவுக்கு ஸ்கூல் டிசி, பழைய ஓபி சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவாருங்கள். ஒரு நோட்டில் அவனால் தனியாக எது முடியும், எது முடியாது என்று எழுதுங்கள்: கடைக்குப் போனால் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருகிறானா, கடலூர் பஸ்ஸும் புதுச்சேரி பஸ்ஸும் எதிரெதிரே வந்தால் எதில் ஏறுவான்?