கேளுங்கள், சொல்கிறோம்: மாடியில் கிடக்கும் பழைய டயர்

அல்சூர் வாசகி: ஆல்ட்டோ காருக்குப் புது டயர் போட்டோம். பழைய நாலும் மாடியில் கிடக்கின்றன. கயிறு சுற்றி ஒரு ஸ்டூல் செய்தேன். உட்கார்ந்தால் நடுவில் அமுங்குகிறது. ஒரே மாதத்தில் கயிறும் கழன்றுவிட்டது. எங்கே தப்பு?

அமுங்கியதற்கு ஒரு காரணம், கழன்றதற்கு வேறு காரணம். இன்றைய ரேடியல் டயரில் கம்பி வலை இருப்பது தரையில் உருளும் பகுதிக்கு அடியில். பக்கவாட்டில் நூலும் ரப்பரும்தான். உள்ளே காற்று இல்லையென்றால் அந்தப் பக்கவாட்டுக்கு ஆள் பாரத்தைத் தாங்கும் தெம்பு கிடையாது. ஆகவே பாரத்தை டயர் மேல் ஏற்றாமல், உள்ளே நிற்கும் கட்டைகள் மேல் இறக்க வேண்டும்.

உங்கள் டயரின் பக்கவாட்டில் 145/80 ஆர் 12 என்று இருந்தால் அகலம் 14.5 செ.மீ., வெளிவிட்டம் சுமார் 54 செ.மீ., நடு ஓட்டை சுமார் 30 செ.மீ. ஒற்றை டயர் மணை உயரத்துக்குத்தான் வரும். இரண்டை அடுக்கி, மேலே 10 செ.மீ. மெத்தை போட்டால் 40 செ.மீ. தாண்டும். அதுதான் உட்கார வசதியான உயரம்.

12 மி.மீ. ப்ளைவுட்டில் இரண்டு வட்டம் அறுத்துக்கொள்ளுங்கள். அடிக்கு 42 செ.மீ., மேலுக்கு 50 செ.மீ. அடிப் பலகையை முதல் டயரின் பக்கவாட்டோடு 6 மி.மீ. போல்ட் ஆறு போட்டு முடுக்குங்கள். இரண்டு பக்கமும் அகலமான வாஷர் வேண்டும், இல்லையென்றால் போல்ட் தலை ரப்பருக்குள் புதைந்து போகும். மரத் திருகாணி வேண்டாம், ரப்பரில் அதற்குப் பிடிமானமே கிடையாது. அடுத்து இரண்டாவது டயரை மேலே வைத்து, நடு ஓட்டை வழியாகக் கையை விட்டு, இரண்டு டயரையும் 8 மி.மீ. போல்ட் நாலால் இணையுங்கள். இந்த வரிசை மாறினால் உள்ளே கை போகாது.

இப்போதுதான் கட்டை. 2 அங்குலச் சட்டம் நாலை, அடிப் பலகையிலிருந்து மேல் டயரின் விளிம்புவரை அளந்து ஒரே உயரத்தில் அறுத்து, ஓட்டைக்குள் ஓரமாக நிறுத்தி, பலகையின் அடியிலிருந்து திருகாணி போடுங்கள். மேல் பலகை இந்தக் கட்டைகள் மேல் உட்கார வேண்டும், ரப்பர் மேல் அல்ல. அதை முடுக்காமல் மூடி போலவே விட்டால் உள்ளே வெங்காயம், பழைய செருப்பு எதை வேண்டுமானாலும் போடலாம். நழுவாமலிருக்க மூடியின் அடியில் சின்னக் கட்டைகள் அடித்துக்கொள்ளுங்கள்.

கயிறு கழன்றதற்கு பசைதான் காரணமாக இருக்க வேண்டும். வெள்ளை ஃபெவிகால் மரத்துக்கானது, ரப்பரில் உலர்ந்து தோல் போல உரிந்துவிடும். ரப்பருக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரியான மஞ்சள் பசை வாங்குங்கள். அதற்கு முன்னால் டயரைச் சோப்புத்தூள் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் உரசுங்கள். ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்கச் சேர்க்கும் மெழுகு மேலே வந்து படிந்திருக்கும், அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பிறகு அழுத்துங்கள். 12 மி.மீ. சணல் கயிறு, ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர், இருபத்து நாலு சுற்று என்றால் ஏறக்குறைய 41 மீட்டர். 50 மீட்டராக வாங்குங்கள். திறந்த மாடியில் வைப்பதானால் சணலே வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

ஜாலஹள்ளி வாசகர்: டயரில் கீரை போடலாமா? பெயின்டும் அடித்தால் உரிந்து வருகிறதே?

கீரை வேண்டாம். டயர் ரப்பரில் துத்தநாக ஆக்சைடும் எண்ணெய்ப் பொருட்களும் உண்டு. மழையும் வெயிலும் படப்பட அவை கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கும். செம்பருத்தி, குரோட்டன்ஸ், போகன்வில்லா என்று வாயில் போகாத செடியாக வையுங்கள்.

மண்ணை நிரப்புமுன் ஓட்டை போடுங்கள். தரையில் படும் பக்கவாட்டில் 12 மி.மீ. அளவில் ஆறு. டிரில்லை மெதுவாக ஓட்டி, சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே போடுங்கள். வேகமாக ஓட்டினால் ரப்பர் இறுக்கிப் பிடித்து பிட்டைத் திருகிவிடும். உருளும் பகுதியில் ஓட்டை போடாதீர்கள், உள்ளே கம்பி. 12 அங்குல டயரில் சுமார் 30 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்தால் 45 கிலோ வரை வரும். ஆகவே சுவரை ஒட்டி வையுங்கள், பாதியாவது தேங்காய் நார்க்கழிவு கலந்துகொள்ளுங்கள்.

பெயின்ட் விஷயம்: எனாமல் காய்ந்ததும் இறுகும், ரப்பர் வளையும், அதனால் வெடிக்கும். சிலசமயம் காயாமல் பிசுபிசுவென்றே நிற்கும். மேலே சொன்னபடி கழுவி உரசிவிட்டு, வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட் அடியுங்கள். வெளிர் நிறமென்றால் வேரும் வேகாது.

ஸ்ரீராமபுரம் வாசகி: சும்மா அடுக்கி வைத்த டயரில் தண்ணீர் நிற்கிறது. கவிழ்த்தால் போதாதா?

கவிழ்த்தும் போகாது. டயரை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பள்ளம் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், அதன் வடிவமே அப்படி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த இருட்டும் தேங்கலும் சொர்க்கம். நீர்மட்டத்தை ஒட்டிய உள்சுவரில் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த மழையில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்கவும் வேண்டும். கூரைக்கு அடியில் வைக்க இடமில்லையென்றால் டயரையே வைத்திருக்காதீர்கள். கர்நாடக அரசு 2024-ல் டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்து, கொசு வளரவிடும் வீடுகளுக்கு அபராதமும் வைத்திருக்கிறது.

கே.ஆர்.புரம் வாசகர்: குஜரிக் கடைக்காரர் (பழைய சாமான் வாங்குபவர்) டயருக்குக் காசு ஒன்றும் தர மாட்டேன் என்கிறார். யாருக்குக் கொடுப்பது?

புது டயர் மாட்டும் கடையிலேயே விட்டுவிடுவது நல்லது. 2022 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, டயர் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்று வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். அங்கே போனால் ரப்பர் தூளாகி சாலைத் தாரில் கலக்கும், கம்பி உருக்கப் போகும். கம்பிக்காக டயரை எரிப்பவரிடம் சும்மாகூடக் கொடுக்காதீர்கள், அந்தப் புகையில் புற்றுநோய் தரும் பொருட்கள் இருக்கின்றன.

கொடுக்குமுன் இன்னொன்று: பக்கவாட்டில் கத்தியால் ஆழமாக ஒரு கீறல் போடுங்கள். பட்டன், அதாவது உருளும் பகுதியின் கோட்டு ஆழம், 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயரிலும் புதிதாகக் கோடு வெட்டி, செகண்ட் ஹாண்ட் என்று தலையில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். கீறியதை யாரும் விற்க முடியாது.

மாகடி ரோடு வாசகி: வாஷிங் மெஷின் அதிர்வுக்கு டயர்த் துண்டு வைக்கலாமா?

தாராளமாக. பக்கவாட்டிலிருந்து 8 செ.மீ. சதுரமாக நாலு துண்டு வெட்டுங்கள், கூரான கத்தியும் சோப்புத் தண்ணீரும் போதும். நாலும் ஒரே தடிமனாக இருக்கட்டும், இல்லையென்றால் ஆட்டம் கூடும். அடியில் ஒரு ப்ளைவுட் துண்டு கட்டாயம். வெறுமனே வைத்தால் வெளிர் நிற டைல்ஸில் பழுப்புக் கறை ஏறும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.