தளத்தில் காட்டிய விலை ஒன்று, வந்த பில் வேறு

3 கனமீட்டர் எல்சிஎல் சரக்கை (மற்றவர்கள் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் கப்பலில் போவது) ஆன்லைன் தளத்தில் புக் செய்தேன், பில் இரண்டு மடங்காக வந்திருக்கிறது, பேசாமல் சரக்கை அனுப்பித் தரும் ஏஜென்டான பழைய ஃபார்வர்டரிடமே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

நீங்கள் போட்டிருக்கும் பில்லில் ஒரு கனமீட்டருக்கான கடல் கட்டணம் தளம் சொன்ன அதே விகிதம்தான். ஏறியதெல்லாம் அதற்குக் கீழே: துறைமுக டெர்மினலில் கையாளும் கட்டணம், சிஎஃப்எஸ் (கன்டெய்னர் சரக்கைப் பிரிக்கும் கிடங்கு) கூலி, சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டருக்கான கட்டணம். நீங்கள் எடுத்தது துறைமுகம் வரைக்குமான விலை. தேடும்போதே குடோன் வாசல் வரை என்று தேர்வு செய்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை முன்பே தெரிந்திருக்கும்.

அப்புறம் அளவு. எல்சிஎல்லில் 1 கனமீட்டரை 1,000 கிலோவுக்குச் சமமாக வைத்து, கன அளவு, எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. நீங்கள் அட்டைப்பெட்டிகளை மட்டும் அளந்திருக்கிறீர்கள்; அவர்கள் அடியில் இருக்கும் பேலட்டோடு (சரக்கை அடுக்கும் தட்டு) அளந்து 3.8 கனமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். பழைய ஃபார்வர்டர் இதை ஃபோனிலேயே கேட்டிருப்பார். தளத்துக்கு நீங்கள் தட்டியதுதான் தெரியும்.

நான் விலையைத் தளத்தில் பார்ப்பேன், அதைக் காட்டி ஃபார்வர்டரிடம் பேரம் பேசுவேன். கஸ்டம்ஸில் பெட்டி நின்றால் சாட் பெட்டியோடு யார் மல்லுக்கட்டுவது? ஒரே தளத்தை நம்பியிருப்பதும் ஆபத்து. லாரி சரக்குக்கான அமெரிக்க ஆன்லைன் தளமான கான்வாய் 2023 அக்டோபரில் திடீரென்று கடையை மூடியது.

சரி, உங்கள் பில்லில் ஆவணக் கட்டணம் இரண்டு வரியில் விழுந்திருக்கிறது. அதை மட்டும் கேட்டு இன்றே மெயில் போடுங்கள்.